சாம்பியன் ரீப்ஸில் ஓடிய கம்ப்யூட்டர்

"டோக்கன்?" என்று கேட்டுக் கையை நீட்டினார் லூர்துசாமி.

எதிரில் நின்ற முனிரத்தினத்துக்கு ஒன்றும் புரியவில்லை. "இன்னா டோக்கன்? ஏழாம் பெட்டியில கீற நம்பர எடுத்தாரச் சொல்லி எழுதி கீது. நீதானே ஏழாம் பெட்டி? குடு."

"நான் ஏழாம் பெட்டிதான். டோக்கனக் குடுத்துட்டு நம்பர வாங்கிகினு போ."

சனிக்கிழமை முற்பகல். கோலார் தங்க வயலில், சாம்பியன் ரீப்ஸில் ஒரு பள்ளிக்கூடத்தின் பெரிய கூடம். பெஞ்சுகளின் மேல் நான் சாக்பீஸால் வரிசையாக எண் போட்டிருந்தேன். எண்ணுக்கு ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு சிலேட்டு. அவர்கள் எல்லோருமாகச் சேர்ந்து ஒரு கம்ப்யூட்டர். மெஷினின் நினைவகம் என்பது பெட்டி பெட்டியாக இருக்கும், பெட்டிக்கு ஒரு எண் உண்டு என்று விளக்கியிருந்தேன். லூர்துசாமி ஏழாம் பெட்டி. முனிரத்தினம் கட்டளைகளை ஒவ்வொன்றாகப் படித்து அதன்படி நடக்கிறவர். கரும்பலகை அருகே நின்ற ஸ்டெல்லா, அதே பள்ளியின் கணக்கு டீச்சர், வருகிற எண்களைக் கூட்டிக் கழிக்கிறவர்.

நான் சிரித்துவிட்டேன். கூடத்தில் வேறு யாரும் சிரிக்கவில்லை.

"லூர்து கேக்கறது நாயந்தானே டீச்சர்?" என்று என்னைக் கேட்டது பின்பெஞ்சு. "டோக்கன் இல்லாம எவன் குடுப்பான்?" என்றது முன்பெஞ்சு. ஒரே நிமிடத்தில் என் கம்ப்யூட்டர் முழுவதும் லூர்துசாமியின் கட்சியில் சேர்ந்துவிட்டது. முனிரத்தினமும் தலையைச் சொறிந்துகொண்டு, "ஆமா டீச்சர், எனக்கு டோக்கனே குடுக்கலியே நீங்க?" என்றார்.

உலகத்தில் வேறெந்த ஊரிலும் ஒரு கம்ப்யூட்டர் இந்தக் காரணத்துக்காக நின்றுபோயிருக்காது. அதை நான் அடித்துச் சொல்வேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

இந்த வகுப்பு எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

பெங்களூரில் கணக்கில் எம்.எஸ்ஸி. முடித்த கையோடு ஒரு பல்கலைக்கழகத் துறையில் தற்காலிக உதவி விரிவுரையாளராக ஒட்டிக்கொண்டேன். 'புரோகிராமிங் சிஸ்டம்ஸ்' என்ற அறிமுகப் பாடம் அப்போதுதான் அங்கே தொடங்கியிருந்தது. மெஷினுக்கு எப்படிக் கட்டளை எழுதுவது, அந்தக் கட்டளைகளை மெஷின் எங்கே வைத்துக்கொள்கிறது, ஒரு வேலையின் நடுவே இன்னொரு வேலைக்குப் போய்விட்டு எப்படிப் பழைய இடத்துக்குத் திரும்புகிறது என்பதெல்லாம் பாடம். அறுபதுகளின் கடைசி என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுபது பிறந்துவிட்டது என்று யாராவது சொன்னாலும் நான் சண்டைக்கு வர மாட்டேன்.

கம்ப்யூட்டர் ஒரு தனி அறையில் இருந்தது. செருப்பை வெளியே விட வேண்டும். உள்ளே மார்கழிக் குளிர். மாணவர்கள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம், தொடக்கூடாது. துளை போட்ட அட்டைக் கட்டை ஒரு சன்னல் வழியாகக் கொடுத்துவிட்டு, விடை அச்சாகி வரும்வரை காத்திருக்க வேண்டும். என்னோடு படித்தவர்கள் அந்தக் கண்ணாடி முன்னால் கைகட்டி நிற்பார்கள். எங்கள் வீட்டில் பூஜை அறை கிடையாது. புத்தர் படம் கூடத்தில், எல்லோரும் சாப்பிடுகிற இடத்தில்தான் மாட்டியிருந்தது. அதனால் கதவுக்கு வெளியே நின்று கும்பிடும் பழக்கம் எனக்கு வரவேயில்லை. மெஷினும் ஒரு வேலையாள்தான், சொன்னதைச் செய்கிறது, நாம் தப்பாகச் சொன்னால் தப்பாகச் செய்கிறது என்று முதல் வாரமே தெளிந்துவிட்டேன்.

ஊர்ப் பழக்கம் என்று சொல்லும்போது இன்னொன்று. ஹாஸ்டலில் யாராவது டம்ளரை அலமாரி விளிம்பில் வைத்தால் நான் போய் உள்ளே தள்ளி வைப்பேன். எங்கள் ஊரான தங்க வயலில் பூமிக்கடியில் பாறை வெடித்தால் மேலே வீடு குலுங்கும். 'ஏர் பிளாஸ்ட்' என்போம். சாமான் விழுந்ததைப் பொறுக்குவதற்கு முன்னால், நம் வீட்டில் இப்போது யார் கீழே சுரங்கத்தில் இருக்கிறார்கள் என்று மனசு ஓடும். பெங்களூர்ப் பெண்களுக்கு இது எங்கே தெரியும்? எனக்கு ஏதோ சுத்தப் பைத்தியம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

சரி, வகுப்புக்கு வருகிறேன். சுரங்கக் கம்பெனியின் மேல் ஆபீசில் அட்டை மெஷின்கள் வரப்போகின்றன, பல்கலைக்கழகத்தின் சான்றிதழ் இருப்பவர்களை அதற்கு எடுத்துக்கொள்வார்கள் என்று ஒரு பேச்சு எழுந்தது. தங்க வயலிலேயே சனிக்கிழமை வகுப்பு வேண்டும் என்று பலர் கையெழுத்துப் போட்டுக் கேட்டார்கள். எங்கள் துறைத்தலைவர் என்னைக் கூப்பிட்டார். அவருக்கு வீட்டில் கன்னடம், துறையில் இங்கிலீஷ், என்னிடம் மட்டும் இரண்டும் கலந்த ஒரு தமிழ்.

"ஏனம்மா கௌதமி, நீ எப்படியும் வாரா வாரம் ஊருக்குப் போறே. போய்ப் பாடம் எடு. ஆனா எனக்கு நம்பிக்கை இல்லே. மெஷின் இல்லாத ஊர்லே மெஷின் பாடம் எப்படி?"

"எடுத்துக் காட்டறேன் சார்" என்றேன். எப்படி என்று அப்போது எனக்கும் தெரியாது.

ஒரே பெஞ்சில்

மாணவர்கள் தாளில் எழுதிக் கொடுப்பதை நான் பெங்களூருக்கு எடுத்துப் போவேன். அங்கே அட்டையில் துளை போட்டு, மெஷினில் கொடுத்து, வந்த விடையை அடுத்த சனிக்கிழமை கொண்டுவருவேன். ஒரு காற்புள்ளி விட்டுப்போயிருந்தால் அந்த வாரம் பாழ். அதைத் திருத்தினால் அதற்கு அடுத்த வாரம் இன்னொரு தப்பு தலைகாட்டும். இப்படிப் போனால் இவர்கள் ஓய்வு பெறும் வயதில்தான் முதல் விடை வரும் என்று தோன்றியது. அப்போதுதான், மெஷினுக்கு அனுப்புவதற்கு முன்னால் நாமே மெஷினாகி ஓட்டிப் பார்த்தால் என்ன என்று யோசனை வந்தது.

பாதிப் பெட்டிகளில் எண்கள். பாதிப் பெட்டிகளில் கட்டளைகள். "ரெண்டும் ஒரே வரிசையில ஒக்காருமா டீச்சர்?" என்று முனிரத்தினம் ஆச்சரியப்பட்டார். கம்ப்யூட்டரின் சூட்சுமமே அதுதான் என்றேன். வேலை சொல்கிறவனுக்கும் வேலைக்கு உட்படுகிறவனுக்கும் ஒரே மாதிரி பெட்டி. ஆபீசர் கிளப் ஒரு பக்கம், தொழிலாளர்களின் லைன் வீடுகள் இன்னொரு பக்கம் என்று பிரிந்துகிடந்த ஊரில் இந்தப் பாடத்தை எடுக்கும்போது எனக்குத் தனி சந்தோஷமாக இருந்தது. மறைப்பானேன்?

எங்கள் வகுப்புக்கு இரண்டு பாதி. மதிய ஷிப்டுக்குப் போகிறவர்கள் முற்பகலில் வருவார்கள். இரவு ஷிப்ட் முடித்துத் தூங்கி எழுந்தவர்கள் மதியம் வருவார்கள். காலை ஷிப்ட் விழுகிற வாரத்தில் வருகிறவர் மதிய வகுப்பின் வாலைப் பிடித்துக்கொள்வார். ஸ்டெல்லாவும் நானும் இரண்டு பாதிக்கும் பொது.

இருமல்

லூர்துசாமியை நான் 'அண்ணா' என்றுதான் கூப்பிடுவேன். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். எங்கள் லைனுக்கு இரண்டு லைன் தள்ளி வீடு. கீழே மரமுட்டுக் கொடுக்கும் வேலை. பாறை சரியாமல் இருக்கக் கட்டைகளை நிறுத்துகிறவர். எஸ்.எஸ்.எல்.சி. படித்திருந்தும் அப்பா இறந்ததும் அவசரத்தில் சுரங்கத்துக்கு இறங்கியவர், பிறகு மேலே வரவே முடியவில்லை.

அவருக்கு இருமல் இருந்தது. வகுப்பில் மூன்றாவது வரிசையிலிருந்து அது கேட்டுக்கொண்டே இருக்கும். கையை வாயில் பொத்திக்கொண்டு, மற்றவர்களுக்குத் தொந்தரவாக இருக்கக்கூடாது என்று குனிந்துகொள்வார். கீழே இருக்கும் தூசு இனி ஆகாது, மேலே வேலை பார்த்துக்கொள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மேலே காலியிடம் என்று இருந்தது அந்த அட்டை மெஷின் அறை ஒன்றுதான். அதற்கு எங்கள் சான்றிதழ் வேண்டும்.

அவர் மனைவி பிலோமினா ஒருநாள் தண்ணீர்க் குழாயடியில் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஒனக்குப் புண்ணியமாப் போவும் கௌதமி. அவுர எப்டியாச்சும் பாஸ் பண்ண வச்சிடு. ராத்திரியில மூச்சு வுடற சத்தத்தக் கேட்டுகினே படுத்திருக்கேன் நானு."

"பாஸ் பண்ண வைக்கிறேன் அக்கா" என்றேன். வாக்குக் கொடுப்பதில் நான் என்றுமே கஞ்சத்தனம் காட்டியதில்லை. ஆனால் அந்த வாக்கு என்னைத் தூங்கவிடவில்லை. ஏனென்றால் அதே வாரம் துறைத்தலைவர் சொல்லியனுப்பிவிட்டார். மாதக் கடைசியில் தானே நேரில் வந்து பார்ப்பார். திருப்தியில்லை என்றால் வகுப்பை மூடிவிடுவார். மூடினால் யாருக்கும் பரீட்சை கிடையாது. பரீட்சை இல்லையென்றால் லூர்துசாமிக்கு மேலே வர வழி கிடையாது.

இந்த நிலைமையில்தான் லூர்துசாமி டோக்கன் கேட்டுக் கையை நீட்டினார்.

டோக்கன்

வெளியூர்க்காரர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். சுரங்கத்துக்கு இறங்குகிறவருக்குப் பித்தளையில் எண் பொறித்த டோக்கன் ஒன்று உண்டு. அது இல்லாமல் விளக்கு கிடையாது, கீழே இறக்கும் கூண்டில் ஏற முடியாது. கீழே சாமான் அறையில் கடப்பாறை வாங்கினாலும் டோக்கனை வைத்துவிட்டுத்தான் வாங்க வேண்டும். ஷிப்ட் முடிந்து மேலே வந்ததும் டோக்கன் அதன் ஆணியில் தொங்க வேண்டும். ஓர் ஆணி காலியாக இருந்தால், ஓர் ஆள் இன்னும் கீழே இருக்கிறார் என்று அர்த்தம். உடனே தேடப் போவார்கள். அதனால் அது வெறும் ஆபீஸ் சட்டம் இல்லை. உயிரோடு சம்பந்தப்பட்ட விஷயம்.

இரண்டு வாரம் அவர்களோடு மல்லுக்கு நின்றேன். "அண்ணா, இது சுரங்கம் இல்லை. மெஷின் கேட்டால் பெட்டி கொடுத்துவிட வேண்டியதுதான்" என்றேன். லூர்துசாமி மனசில்லாமல் சிலேட்டைக் கொடுத்தார். கொடுத்த பிறகு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அடுத்த கட்டளைக்கு முனிரத்தினம் மறுபடி வந்தபோது, "எடுத்துகினு பூட்டியே, இன்னும் எங்கிட்ட இன்னா கீது?" என்றார். அதுவும் அந்த ஊர் நியாயம்தான். கீழே ஓரிடத்திலிருந்து எடுத்தது எடுத்ததுதான். அந்த இடம் காலி. மெஷினில் மட்டும், எத்தனை முறை எடுத்தாலும் பெட்டியில் எண் அப்படியே இருக்கும். இதை நான் தொண்டை வறளச் சொல்லியும் ஏறவில்லை.

வீட்டில் அம்மாவிடம் புலம்பினேன். அம்மா அரிசியைப் புடைத்துக்கொண்டே, "ஏன் கொயந்த, கேக்கறாங்கன்னா குடுத்துட்டுப் போயேன். கார்டு கத்த கத்தையா நம்ம ஊட்ல கொட்டிக் கெடக்குதே" என்றார். அம்மாவுக்கு வேண்டியது, நான் பெங்களூரிலிருந்து கொண்டுவந்து போட்ட பழைய அட்டைக் குப்பை வீட்டைவிட்டு ஒழிய வேண்டும். எனக்கு அது வேறுவிதமாக உறைத்தது. இவர்கள் பழக்கத்தை உடைப்பதற்குப் பதில் அதன்மேலேயே பாடத்தைக் கட்டினால் என்ன?

உதவாத அட்டைகளைச் சதுரமாக வெட்டி, எண் எழுதி, ஆளுக்கொரு டோக்கன் செய்தேன். அடுத்த சனிக்கிழமை சட்டத்தை அறிவித்தேன். சிலேட்டு இடத்தை விட்டு அசையாது. யாராவது எண் கேட்டால் சிலேட்டைப் பார்த்துத் துண்டுத்தாளில் எழுதிக் கொடு, டோக்கனை வாங்கி வைத்துக்கொள். வேலை முடிந்ததும் வாங்கினவர் தாளைத் திருப்பிக் கொடுத்து டோக்கனை எடுத்துக்கொள்ள வேண்டும். நிஜ மெஷினில் இப்படியெல்லாம் எதுவும் கிடையாது. இல்லாவிட்டால் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

கம்ப்யூட்டர் கிடுகிடுவென்று ஓட ஆரம்பித்தது.

அதைவிடப் பெரிய அதிசயம் அன்று பிற்பகல் நடந்தது. சப்ரூட்டின் என்று ஒன்று உண்டு. அடிக்கடி தேவைப்படும் ஒரு வேலையைத் தனியாக எழுதி வைத்துக்கொண்டு, வேண்டும்போது அங்கே போய் முடித்துவிட்டுத் திரும்புவது. போனவன் எந்த இடத்துக்குத் திரும்புவது என்பதில்தான் எல்லோரும் குழம்புவார்கள். பெங்களூரில் என் வகுப்புத் தோழர்கள் இதில் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். இங்கே நான் வாயைத் திறப்பதற்குள் ஸ்டெல்லா சொன்னார். "வுட்ட எடத்து நம்பர டோக்கன்ல எழுதி, போற எடத்துல குடுத்துட்டா முடிஞ்சிபோச்சு. வேல ஆனதும் அவங்களே, நீ இந்த எடத்துக்குப் போன்னு டோக்கனக் குடுத்து அனுப்பிடுவாங்க." எல்லோரும் 'இதில் என்ன இருக்கிறது' என்பது போலத் தலையாட்டினார்கள். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவ்வளவு சந்தோஷத்தை மாணவர்கள் முகத்துக்கு நேராகக் காட்டக்கூடாது.

முதல் சங்கு

துறைத்தலைவர் வருவதற்காக ஒரு புரோகிராம் எழுதினோம். சுரங்கத்தில் இறங்க இறங்கச் சூடு ஏறும். ஒவ்வொரு லெவலின், அதாவது ஒவ்வொரு ஆழத்துத் தளத்தின், சூட்டையும் ஃபாரன்ஹீட்டிலிருந்து சென்டிகிரேடுக்கு மாற்ற வேண்டும். மாற்றும் வேலை பின்பெஞ்சின் சப்ரூட்டின். மாற்றியதையெல்லாம் கூட்டிக்கொண்டே போய்க் கடைசியில் சராசரி எடுக்க வேண்டும். கூட்டுத்தொகை சேர்ந்துகொண்டே வருகிற இடம் ஏழாம் பெட்டி. அதே புரோகிராமைப் பெங்களூர் மெஷினுக்கும் அனுப்பியிருந்தேன். அது சொன்ன விடையைத் துறைத்தலைவர் உறையில் போட்டுக் கையோடு கொண்டுவருவார். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும்.

காலை வண்டியில் வர வேண்டியவர். வண்டி பங்காரப்பேட்டையில் படுத்துக்கொண்டது. அவர் வேர்த்து விறுவிறுத்துக் கூடத்துக்குள் நுழைந்தபோது உச்சிவெயில் சாய ஆரம்பித்துவிட்டது. மதிய ஷிப்டுக்கு முதல் சங்கு ஊதினால் பாதிப் பேர் எழுந்து போயாக வேண்டும். இரண்டாம் சங்குக்குள் போய்ச் சேராதவருக்கு அன்றைய ஷிப்ட் போச்சு.

"ஆரம்பி" என்றார். ஆரம்பித்தோம்.

முனிரத்தினம் பெட்டிக்குப் பெட்டி ஓடினார். டோக்கன் போனது, வந்தது. ஸ்டெல்லாவின் சாக்பீஸ் தேய்ந்தது. லூர்துசாமி ஒவ்வொரு முறையும் பழைய தொகையை அழித்துப் புதியதை எழுதினார், எழுதியதை ஒருமுறை உதட்டசைத்துப் படித்துக்கொண்டார். துறைத்தலைவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பெஞ்சுகளுக்கு நடுவே நடந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

பாதி லெவல்கூட முடியவில்லை, சங்கு ஊதிவிட்டது.

"நடுவிலே நின்னு போச்சா?" என்றார் துறைத்தலைவர். "கரண்ட் போனாப்போலதான். எல்லாம் முதல்லே இருந்து செய்யணும். அதுக்கு எனக்கு நேரம் இல்லே, கௌதமி."

அதற்குள் வாசலில் நின்றிருந்த மதிய வகுப்பு உள்ளே வந்தது. யாரும் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. ஒவ்வொரு பெட்டியின் அருகிலும் ஒருவர் போய் நின்றார். உட்கார்ந்திருந்தவர் சிலேட்டை நீட்டினார், ஆனால் விடவில்லை. வந்தவர் அதில் இருந்ததை உரக்கப் படித்தார். சரியாகப் படித்த பிறகுதான் பிடி தளர்ந்தது. முனிரத்தினம் தன் கையிலிருந்த டோக்கனையும் துண்டுத்தாளையும் அடுத்தவரிடம் கொடுத்து, "பின்பெஞ்சுக்குப் போயிட்டு வந்தாச்சு, இனிமே கூட்டறதுதான் பாக்கி" என்று சொல்லிவிட்டு ஓடினார். கீழே ஷிப்ட் மாறும்போது இப்படித்தான். எதுவரை முட்டுக் கொடுத்திருக்கிறது, எங்கே பாறை பிளந்திருக்கிறது என்று சொல்லி, அடுத்து வருகிறவன் திருப்பிச் சொல்லிக் கேட்ட பிறகுதான் இடத்தை விடுவார்கள். நடுவில் நின்ற வேலையை விட்ட இடத்திலிருந்து தொடரும் இந்தப் பாடத்தை நான் அடுத்த மாதத்துக்கு என்று வைத்திருந்தேன்.

ஏழாம் பெட்டிக்கு மட்டும் ஆள் வரவில்லை. இரவு ஷிப்ட் பார்த்தவர் அசந்து தூங்கிவிட்டார் போலிருக்கிறது.

லூர்துசாமி எழுந்திருக்கவில்லை. சிலேட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அதுவரை சேர்ந்த கூட்டுத்தொகை அத்தனையும் அவர் மடியில். இருமலால் அந்த மாதம் ஏற்கெனவே பல ஷிப்ட் விட்டவர் அவர். இன்னொன்று போனால் மேஸ்திரி சும்மா விடமாட்டார்.

"அண்ணா, நீங்க கிளம்புங்க, நான் வாங்கிக்கறேன்" என்றேன்.

"நீங்க டீச்சரு. நீங்க ஒக்காந்துட்டா இத யாரு நடத்தறது? ஆள் வராம எடத்த வுட்டுப் போவக் கூடாது டீச்சர்."

துறைத்தலைவர் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கோட்டைக் கழற்றி சன்னல் கம்பியில் மாட்டினார். "நகருப்பா. நான் உக்காரறேன்" என்று சிலேட்டைப் பிடித்தார்.

லூர்துசாமி விடவில்லை. "படிச்சு சொல்லுங்க சார். அப்பால வுடறேன்."

பல்கலைக்கழகத்தில் துறைத்தலைவர் முன்னால் நிமிர்ந்து பேச ஆள் கிடையாது. அவர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி எண்ணை இலக்கம் இலக்கமாகப் படித்தார். லூர்துசாமி தலையசைத்தார், சிலேட்டை விட்டார், வாயைப் பொத்தி ஒருமுறை இருமினார், ஓடினார். இரண்டாம் சங்கு ஊதுவதற்குள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று மறுநாள் பிலோமினா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

முடியும்வரை துறைத்தலைவர் ஏழாம் பெட்டியாகவே உட்கார்ந்திருந்தார். டோக்கனும் ஒழுங்காகக் கேட்டு வாங்கினார். கடைசியில் ஸ்டெல்லா சராசரியைக் கரும்பலகையில் எழுதிக் கீழே கோடு போட்டதும், பையிலிருந்த உறையை எடுத்துப் பிரித்தார். இரண்டு விடையும் ஒன்று. கூடத்தில் எழுந்த கூச்சலில் பள்ளிக்கூடத்து ஓட்டுமேல் இருந்த புறாக்கள் பறந்தன.

"ஷிப்ட் மாத்தற இந்த வித்தை யார் சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டார்.

"நான்தான் சார்" என்றேன். வேறென்ன சொல்வது? தற்காலிக வேலையில் இருந்தவள் நான்.

அவர் ஒருமுறை என்னை உற்றுப் பார்த்தார். சிரித்தாரா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை.

இங்கிலீஷ் பரீட்சை

வகுப்பு பிழைத்தது. ஆனால் பரீட்சை பெங்களூரில், இங்கிலீஷில். சுரங்கத்து இங்கிலீஷ் எங்கள் எல்லோருக்கும் அத்துப்படி. அதை வைத்து ஒரு பக்கம் எழுத முடியுமா? லூர்துசாமி வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் வாக்கியங்களை மனப்பாடம் செய்தார். 'நீள வாக்கியம் வேண்டாம் அண்ணா, ஒரு வரிக்கு ஒரு விஷயம் போதும்' என்று சொல்லியிருந்தேன்.

பரீட்சை ஹாலில் நான்தான் மேற்பார்வை. அவர் இருமினார். முன்னால் இருந்த பெங்களூர்ப் பையன்கள் இரண்டு பேர் திரும்பி முகம் சுளித்தார்கள். நான் நேராகப் போய் அவர்கள் மேசை மேல் இரண்டு தட்டுத் தட்டி, அவரவர் தாளைப் பார்க்கச் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் தாராளமாக இருமினார்.

விடைத்தாள் திருத்தியவர் துறைத்தலைவரே. என்னை அறைக்குக் கூப்பிட்டு ஒரு தாளைக் காட்டினார். வார்த்தைக்கு வார்த்தை இலக்கணப் பிழை. வேலை நடுவில் மெஷின் வேறு வேலைக்குப் போனால் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு, அடுத்த ஆள் திருப்பிப் படித்துச் சொல்லாமல் முதல் ஆள் இடத்தை விடக்கூடாது என்று எழுதியிருந்தது.

"பாஷை தப்பு. விஷயம் தப்பில்லே" என்றார். "ஏழாம் பெட்டிதானே இது?"

தாளில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். அவர் மதிப்பெண் போட்டார். பாஸ்.

மேலே வேலை கிடைக்க அதற்குப் பிறகும் சில மாதங்கள் ஆயின. அந்த மாதங்களில் பிலோமினா குழாயடியில் என்னைப் பார்த்தால் பேசாமல் குடத்தை நிரப்பிக்கொண்டு போவார். கேட்கப் பயம். சொல்ல எனக்கும் ஒன்றும் இல்லை. ஒருநாள் உத்தரவு வந்தது. அட்டை மெஷின் அறையில் உதவியாள்.

வேலைக்குச் சேர்ந்த அந்த வாரம், சனிக்கிழமை, நான் புதிய மாணவர்களுக்காகப் பெஞ்சில் எண் போட்டுக்கொண்டிருந்தேன். லூர்துசாமி வாசலில் வந்து நின்றார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. மடிப்புக் கலையக்கூடாது என்று கையைச் சற்று விலக்கியே வைத்திருந்தார்.

"எப்படி இருக்குது அண்ணா வேலை? மெஷின் எல்லாம் பிடிபட்டுச்சா?" என்று கேட்டேன்.

மெஷினைப் பற்றித்தான் சொல்வார் என்று நினைத்தேன்.

"மொத நாளு மத்தியானம் வெளிய வேப்பமரத்தடியில ஒக்காந்து டிபன் டப்பாவத் தெறந்தேன் டீச்சர். தெறந்த ஒடனே ஒரு காக்கா வந்து எதுர்ல நிந்துச்சு. இத்தினி வருசமா கீழயே துண்ணுகினு இருந்தேனா, சோத்து டப்பாவத் தெறந்தா காக்கா வரும்ன்றதே மறந்து பூட்சி."

"அதுக்கு ஏதாவது போட்டீங்களா?" என்றேன்.

"பாதி டப்பா அதுக்குத்தான். திங்கக்கெழமையும் வரும்" என்றார் லூர்துசாமி. "ஊட்டுல அதுக்கும் சேத்து வெக்கச் சொல்லிட்டேன்."